பட்டம் ஒன்றுதான், ஆஸ்பத்திரிதான் வேறு

நேமத்தான்பட்டியில் அந்த வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காக இப்போது திறந்திருக்கிறார்கள். முகப்பில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாம் கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வருகிறது. வளவுத் தூண் ஒன்றில் முதுகைச் சாய்த்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். மடியில் கோடு போட்ட நோட்டு. இடது ஓரத்தில் 1, 2, 3 என்று எண்கள். முதல் ஆறு எண்களுக்கு நேரே எழுதியதை ரப்பரால் அழித்து அழித்து, தாள் மெலிந்து பின்பக்க எழுத்து தெரிகிறது.

அவள் அப்பா இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்றுவது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. இரண்டாவது தடவை எழுதிய நீட்டில் வந்த மதிப்பெண்ணுக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்துவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எந்த ஊரில் என்பதுதான் மிச்சம். சென்னையில் கலந்தாய்வுக்குக் கூப்பிட்டதும், மீதமிருக்கும் கல்லூரிகளின் பட்டியலைப் பார்த்துச் சில நிமிஷத்துக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்த நோட்டு.

"மெட்ராஸ் கிடைச்சா மெட்ராஸ்லயே சேர வேண்டியதுதானேத்தா?" என்கிறார் வீட்டு ஆச்சி.

"மதுரைன்னா ஆத்திர அவசரத்துக்கு ஓடிப் போயிட்டு வந்துறலாம் ஆச்சி." பதில் அப்பாவிடமிருந்து வருகிறது.

"சிவகங்கைன்னா வீட்டுல இருந்தே போகலாம்ல?" இது அடுப்படியிலிருந்து அம்மா.

ஆச்சியின் பேரன் முகப்புத் திண்ணையில் இருக்கிறான். டெக்சஸில் பிறந்து வளர்ந்தவன். அவனும் டாக்டராகப் போகிறவன்தான். ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகமா, காலேஜ் ஸ்டேஷனில் இருக்கும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமா, வடக்கே தூரத்தில் இருக்கும் மிச்சிகனா என்று வீட்டில் வாரக்கணக்கில் பேசி, மே 1ஆம் தேதிக் கெடுவுக்குள் ஏ அண்ட் எம் என்று முடிவு செய்திருக்கிறான். "அவளுக்கு அஞ்சரை வருஷம். உனக்கு மட்டும் ஏண்டா எட்டு வருஷம்?" என்று ஆச்சி அவனைக் கேட்கிறார்.

பிளஸ் டூ முடித்து டாக்டர் கனவோடு பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் ஜூலை, ஆகஸ்டில் இதே பேச்சுத்தான். சீட் கிடைக்குமா என்ற கவலைக்கு இரண்டு மூன்று வருஷத்தைக் கொடுக்கிற குடும்பங்கள், எந்தக் கல்லூரி என்ற முடிவை ஒரே சாயங்காலத்தில் எடுத்துவிடுகின்றன. கேள்விப்பட்ட பெயர், போன வருஷக் கட் ஆஃப், சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊர் என்று ஏதோ ஒன்று தீர்மானிக்கிறது. அந்தப் பிள்ளை முதல் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கப் போகிற இடத்தை இப்படியா முடிவு செய்வது?

ஆச்சி கேட்ட கணக்கு

அமெரிக்காவில் பள்ளி முடித்ததும் மருத்துவக் கல்லூரிக்குள் போக முடியாது. நான்கு வருஷம் ஏதாவதொரு இளநிலைப் பட்டம் படிக்க வேண்டும். அதற்குள் உயிரியல், வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் பாடங்களை முடித்து, எம்கேட் தேர்வு எழுதி, பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, பிறகுதான் விண்ணப்பம். விண்ணப்பிப்பவர்களில் பத்துக்கு நாலு பேருக்குச் சுமாராக எங்காவது இடம் கிடைக்கிறது. அதற்கு மேல் மருத்துவப் படிப்பு நான்கு வருஷம். 'ப்ரீ மெட்' என்று அவர்கள் சொல்வது அந்த முதல் நான்கு வருஷத்தை.

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வேதியியல் வகுப்பில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியருக்கு உன் முகம் தெரியாது. நீயாகப் போய் அவர் அறைக் கதவைத் தட்டினால்தான் நாளைக்குக் கடிதம் கிடைக்கும். இதையெல்லாம் பேரன் விலாவாரியாகச் சொல்கிறான். ஆனால் அவன் வீட்டில் கடைசியாக முடிவைத் தீர்மானித்தது பணமும் ஊரும். மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம், வெளிமாநிலத்தவருக்கு அதைப்போலப் பல மடங்கு. அரசு உதவி பெறும் மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று டெக்சஸில் சட்டமே இருக்கிறது. சொந்த மாநிலத்துக்கு 85 சதவீதம், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 சதவீதம் என்று நாம் வைத்திருப்பதற்கு அது அண்ணன் முறை.

இன்னொன்றும் நம் காதுக்குப் பழக்கமாக ஒலிக்கும். பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்த மாணவரை மாநிலப் பல்கலைக்கழகங்கள் தாமாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1997இல் டெக்சஸ் சட்டம் போட்டது. பணக்காரப் பேட்டைப் பள்ளிக்கும் எல்லையோரத்து ஏழைப் பள்ளிக்கும் ஒரே கதவு. கூட்டம் தாங்காமல் ஆஸ்டினில் பிற்பாடு அந்த வரம்பைச் சுருக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1984இல் வந்த நுழைவுத் தேர்வை 2006இல் சட்டம் இயற்றி ஒழித்து, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று வைத்ததும் ஏறக்குறைய இதே நியாயத்தில்தான். அந்த நியாயம் 2017இல் நீட்டோடு முடிந்தது.

பெட்டிச் செய்தி: இங்கேயும் இருந்தது 'ப்ரீ மெட்'

1978இல் பிளஸ் டூ வரும்வரை, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரியில் பி.யு.சி. படித்துத்தான் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தார்கள். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் தொடங்கிய கலைக் கல்லூரி அது.

அதற்கும் முன்னால் புதுக்கோட்டை. 1886இல் அங்கே பிறந்த முத்துலட்சுமி, எதிர்ப்புக்கு நடுவே மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். அங்கிருந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912இல் டாக்டராக வெளியே வந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் உண்டாக்கியது. பக்கத்து ஊரிலிருந்த ஓர் அரசுக் கல்லூரி கதவைத் திறந்ததால் நடந்தது இத்தனையும்.

கைக்கெட்டும் தூரத்தில் ஆறு

நேமத்தான்பட்டிப் பெண்ணின் நோட்டில் திரும்பத் திரும்ப அழிபடும் பெயர்கள் ஆறு. காரைக்குடியிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் சிவகங்கையும் புதுக்கோட்டையும். இரண்டு இரண்டரை மணி நேர பஸ் தூரத்தில் மதுரை, திருச்சி, தஞ்சாவூர். ஆறாவது, விடிவதற்குள் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறிப் போக வேண்டிய சென்னை. ராமநாதபுரத்தை அவள் பென்சிலால் ஏழாவதாக எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு பட்டியலே போட்டிருக்க முடியாது. அப்போது சிவகங்கையிலும் இல்லை, புதுக்கோட்டையிலும் இல்லை, ராமநாதபுரத்திலும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மருத்துவக் கல்லூரி என்று தமிழ்நாடு பிடிவாதமாகக் கட்டிக்கொண்டே போனதன் பலன் இது. 2022 ஜனவரி 12ஆம் தேதி ஒரே நாளில் 11 புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதில் மட்டும் 1,450 இடங்கள். மாநில அரசின் மருத்துவக் கல்லூரிகள் இன்றைக்கு 36. இந்தப் பிடிவாதத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெட்டிச் செய்தி: பட்டியலில் இருப்பவை

சென்னை மருத்துவக் கல்லூரி: 1835இல் தொடக்கம். 250 இடங்கள்.
ஸ்டான்லி, சென்னை: 1938. 250 இடங்கள். கை அறுவைச் சிகிச்சைத் துறைக்குப் பேர்போனது.
மதுரை மருத்துவக் கல்லூரி: 1954. 250 இடங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை.
தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி: 1959. 150 இடங்கள். பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனை.
கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரி, திருச்சி: 1990களின் கடைசியில். 150 இடங்கள்.
சிவகங்கை: 2012. 100 இடங்கள்.
புதுக்கோட்டை: 2017. 150 இடங்கள்.
ராமநாதபுரம்: 2022. 100 இடங்கள். மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்கள் 50 பேரும் 2022இல் இந்த வளாகத்தில்தான் படிக்கத் தொடங்கினார்கள்.

தையல் போடுவது யார்?

மேலே உள்ள மாநில அரசுக் கல்லூரிகளில் எதில் படித்தாலும் பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பாடத்திட்டம் ஒன்று, கேள்வித்தாள் ஒன்று, சான்றிதழ் ஒன்று. மேற்படிப்புக்கான நீட் பி.ஜி.யில் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. அரசு வேலைக்கு ஆளெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் கேட்பதில்லை. மருத்துவம் முடித்தவர்களிடம் 'எந்தக் கல்லூரி நல்லது' என்று கேட்டால் பலரும் 'எல்லாம் ஒண்ணுதான் தம்பி' என்று கையை விரித்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நான்கரை வருஷப் படிப்பில் இரண்டாவது ஆண்டிலிருந்து வார்டு. அது முடிந்து ஒரு வருஷம் முழுக்க ஹவுஸ் சர்ஜன். அங்கே எல்லாம் ஒன்றில்லை.

காரைக்குடிப் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை நினைத்துப் பாருங்கள். முதலுதவி உள்ளூரில். பிறகு சிவகங்கை. அங்கிருந்தும் 'மதுரைக்கு எழுதிவிட்டார்கள்' என்றால், ஆம்புலன்ஸ் போய் நிற்கிற இடம் ராஜாஜி மருத்துவமனை. தென் மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் 'எழுதிவிடப்பட்ட' நோயாளிகள் அங்கே வந்து சேர்கிறார்கள். அபூர்வமான இருதயக் கோளாறு, நரம்பு நோய், மோசமான தீக்காயம் என்று புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்ததை மதுரை மாணவன் கட்டில் ஓரத்தில் நின்று பார்க்கிறான். துறைத்தலைவர் காலை ரவுண்ட்ஸில் கேள்வி கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறான்; அன்றைக்கு ராத்திரியே படித்துவிடுகிறான். பழைய கல்லூரிகளின் செல்வம் இதுதான். கட்டடம் வேண்டுமானால் புதுக் கல்லூரிகளில் இதைவிட நன்றாக இருக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. பெரிய கல்லூரியில் ஒவ்வொரு யூனிட்டிலும் மேற்படிப்பு மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். தையல் போடுவது, நெஞ்சில் குழாய் செருகுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் முதலில் அவர்கள் கைக்குப் போகும். ஹவுஸ் சர்ஜனுக்குக் கடைசியில் மிஞ்சுவது ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், ரிப்போர்ட் வாங்கி வந்து கேஸ் ஷீட்டில் எழுதுவதும். மேற்படிப்பு மாணவர்கள் குறைவாக இருக்கிற சின்னக் கல்லூரியில் இந்த வேலையெல்லாம் நேராக ஹவுஸ் சர்ஜனிடம் வரும். ராத்திரி ஒரு மணிக்குப் பாம்பு கடித்து வந்தவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றி, விடிய விடியப் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டியவள் அவள்தான். வயலில் பூச்சிமருந்து உள்ளே போய் வருகிறவர்கள், சாலை விபத்து, ரத்தசோகையோடு வருகிற கர்ப்பிணி என்று தினசரி மருத்துவத்தின் தொண்ணூறு சதவீதத்தை அவள் தன் கையால் செய்து கற்றுக்கொள்கிறாள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எது பெரிய கல்லூரி என்பதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது. பார்க்கக் கிடைப்பது எங்கே அதிகம், செய்யக் கிடைப்பது எங்கே அதிகம், இரண்டையும் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே இருக்கிறது? மூன்றாவதற்குப் பதில் தெரியாமல் முதல் இரண்டையும் எடை போட முடியாது. அந்த மூன்றாவதில்தான் நம் கல்லூரிகள் தடுமாறுகின்றன. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு லட்சியம், ஒரு பஸ் டிக்கெட்

'பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது' என்ற பேச்சு செட்டிநாட்டில் இன்னும் ஓயவில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போன ஊர் இது. ஆனாலும் மகளைச் சென்னை ஹாஸ்டலில் விடுவதென்றால் வீடே யோசிக்கிறது. அந்த யோசனையைப் பழைய பஞ்சாங்கம் என்று நான் ஒதுக்கமாட்டேன். முதலாம் ஆண்டு உடற்கூறியலில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் படும் பாடு சாதாரணமில்லை. ஒரு எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் லத்தீன் வேர்கொண்ட ஒரு பெயர். பார்மாலின் வாடையில் நின்றுகொண்டு, ஆங்கிலத்தில் வாய்மொழித் தேர்வு. முதல் இன்டர்னலில் ஃபெயில். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டு, ஞாயிறு சாயங்காலம் மறுபடி பஸ் ஏற முடிகிற பிள்ளை முதல் ஆறு மாதத்தைத் தாண்டிவிடும். அதற்குச் சென்னை தூரம்.

அதே சமயம், 'வீட்டிலிருந்தே போய்வரலாம்' என்பதும் கண்மூடித்தனம். காலை எட்டு மணி வகுப்புக்குத் தினமும் பஸ் பிடித்துப் போகிற பிள்ளைக்குப் படிக்க நேரம் ஏது? சீனியர்களோடு பழக்கம் ஏது? மருத்துவப் படிப்பில் பாதி ஹாஸ்டல் வராந்தாவில் நடக்கிறது. எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம், எந்த சார் என்ன கேட்பார், எந்த வார்டில் யார் பொறுமையாகச் சொல்லித்தருவார் என்பதெல்லாம் சீனியர் அக்காக்களின் வாய்வழிப் பாடம். சிவகங்கையே கிடைத்தாலும் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதுதான் நல்லது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கல்விக் கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். 7.5 ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுக்கு அதையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் வீட்டுக்கு வந்துபோகிற செலவு குடும்பத்தின் தலையில். காவல் பார்க்கிற அப்பாவுக்குச் சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் உறைக்கும்.

சிதம்பரம் தந்த பாடம்

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்குச் செட்டிநாட்டு உதாரணமே ஒன்று உண்டு. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார். அதற்குள் 1985இல் வந்தது ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. நிதி நெருக்கடியில் சிக்கிய பல்கலைக்கழகத்தை 2013இல் தமிழக அரசு தனிச் சட்டம் போட்டுத் தன் பொறுப்பில் எடுத்தது.

அரசுப் பல்கலைக்கழகம் என்றாகிவிட்டது; கட்டணமும் அரசுக் கட்டணம்தானே என்று நம்பிச் சேர்ந்தவர்கள் திகைத்துப்போனார்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். 2020 டிசம்பரில் தொடங்கி மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். நிர்வாகம் மெஸ்ஸை மூடியது, ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னது, பிள்ளைகள் நகரவில்லை. 2021 ஜனவரியில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்று அறிவித்தது அரசு. கட்டணம் சுமார் 13,600 ரூபாய்க்கு இறங்கியது. இன்றைக்குக் கலந்தாய்வில் அந்தக் கல்லூரியை மற்ற அரசுக் கல்லூரிகளோடு கூசாமல் எழுத முடிகிறதென்றால், அன்றைக்கு மார்கழிப் பனியில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் செய்த உபகாரம் அது.

வரிசையை எப்படி எழுதுவது?

பொதுப் பிரிவில் ஆன்லைனில் விருப்பப் பட்டியல் கொடுப்பவர்கள் செய்கிற பெரிய தவறு ஒன்று. 'நமக்கு எங்கே கிடைக்கும்' என்று கணக்குப் போட்டு, அந்தக் கல்லூரியை முதலில் வைப்பது. தேவையே இல்லை. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவர் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கம்ப்யூட்டர் கொடுக்கிறது. சென்னையை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனால், இரண்டாவதாக எழுதிய மதுரைக்கான வாய்ப்பு கொஞ்சமும் குறையாது. ஆகவே மனசுக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதலாம்.

இன்னொரு கண்ணி அடுத்த சுற்றில் இருக்கிறது. ஓரிடம் கிடைத்த பிறகு, அதைவிட மேலே எழுதியிருக்கும் கல்லூரிக்காகக் காத்திருந்து அது கிடைத்துவிட்டால், பழைய இடம் உடனே அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி 'பழசே போதும்' என்று திரும்ப முடியாது. உண்மையில் போக விருப்பமில்லாத கல்லூரியை ஒப்புக்கு மேலே எழுதி வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பெரியப்பா சொன்னார், டியூஷன் சார் சொன்னார் என்று நிரப்புகிற பட்டியல்களில் இது நடக்கிறது.

நேமத்தான்பட்டிப் பெண்ணுக்கு நான் சொல்வதானால்: மதுரை முதலில், தஞ்சாவூர் இரண்டாவது, திருச்சி மூன்றாவது. பழைய ஆஸ்பத்திரி, கூட்டம் கூட்டமாக நோயாளிகள், அவள் பேசுகிற தமிழையே பேசுகிறவர்கள், வாரக்கடைசியில் வீடு வந்துவிடுகிற தூரம். அதற்கடுத்துப் புதுக்கோட்டை, சிவகங்கை. சென்னை மருத்துவக் கல்லூரியே கிடைக்கிற ரேங்க் வந்து, தனியாக இருக்கிற தைரியமும் அவளுக்கு இருந்தால், யாரும் தடுக்கக் கூடாது.

'இன்னொரு வருஷம் எழுதினா?'

கிடைத்த கல்லூரி பிடிக்கவில்லை என்று மறுபடி நீட் எழுதப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அரசுக் கல்லூரி இடத்தை விட்டுவிட்டு அப்படிப் போவது, என்னைக் கேட்டால், அநியாயம். தனக்கும், அந்த இடத்துக்குக் காத்திருந்த அடுத்த பிள்ளைக்கும். இடமே கிடைக்காமல் மறுபடி எழுதுகிறவர்கள் கதை வேறு. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கை அந்த நிலையை எண்ணில் காட்டியது. 2016-17இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம். பிளஸ் டூ முடித்த கையோடு மருத்துவம் சேர்வது அரிதாகிவிட்டது. வீட்டிலேயே ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ உட்கார்ந்து கோச்சிங் போவதுதான் இன்றைக்கு நம் ஊர் 'ப்ரீ மெட்'. அதற்கு எந்தப் பட்டமும் கிடையாது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் அந்த வருஷத்தை வாங்கவே முடியாது.

7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது. 2020இல் அரசு 7.5 என்று சட்டமாக்கியது. முந்தைய ஆண்டில் மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தது. சட்டம் வந்த ஆண்டிலேயே முந்நூறைத் தாண்டியது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. வளவில் உட்கார்ந்திருக்கிற பெண் அந்தச் சட்டத்தின் பிள்ளை.

மூன்றாவது தடவையும் எழுதலாமா என்று கேட்கிற குடும்பங்களுக்கு ஒன்று. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண் போதும். பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகள் அரசுக் கல்லூரிகளிலேயே இருக்கின்றன. 'டாக்டர் ஆகலைன்னா ஒண்ணுமே இல்லை' என்ற பேச்சை வீட்டில் பெரியவர்கள் நிறுத்தினால் பிள்ளைகள் மூச்சு விடும். அரியலூர் குழுமூர் அனிதா, பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 எடுத்தும் 2017 செப்டம்பர் 1ஆம் தேதி நம்மை விட்டுப் போனதை இந்த மாநிலம் மறக்கக் கூடாது.

சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே?

2025இல் தேசிய மருத்துவ ஆணையம் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. முக்கியமான குறை, ஆசிரியர் பற்றாக்குறை. கட்டடம் கட்டிவிடலாம், ஒரு பேராசிரியரை உருவாக்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். இருக்கிற பேராசிரியர்களும் சென்னையையும் மதுரையையும் விட்டுக் கடைக்கோடி மாவட்டத்துக்குப் போகத் தயங்குகிறார்கள். பதவி உயர்வில் மாற்றலாகிறவர், ஆறே மாதத்தில் பெரிய ஊருக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டுவிடுகிறார். புதுக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குக் கையால் செய்கிற வாய்ப்பு கிடைத்தும், பக்கத்தில் நின்று 'இப்படிப் பிடி, அப்படி வெட்டாதே' என்று சொல்ல ஆள் இல்லாமல் போனால், தப்பாகப் பழகிய கையோடு வெளியே வருவாள். அந்தக் கையைத் திருத்துவது கஷ்டம்.

இதில் பெற்றோருக்கு நேரடியாகச் சம்பந்தம் உண்டு. கலந்தாய்வுக் கையேட்டில் இடங்கள் எத்தனை, கட்டணம் எவ்வளவு என்று இருக்கிறது. எந்தத் துறையில் எத்தனை பேராசிரியர்கள் இன்றைக்குப் பணியில் இருக்கிறார்கள், போன வருஷம் எத்தனை பிரசவம் பார்த்தார்கள், மேற்படிப்பு மாணவர்கள் எத்தனை பேர், பெண்கள் ஹாஸ்டலில் எத்தனை பேருக்கு இடம் என்பது அதில் இல்லை. இதெல்லாம் மருத்துவக் கல்வி இயக்ககத்திடம் இருக்கிற விவரங்கள். தேசிய ஆணையத்துக்கு வருஷா வருஷம் அனுப்புகிறவைதான். 36 கல்லூரிக்கும் தலா ஒரு பக்கம், தமிழில், கலந்தாய்வு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் அதை நடத்தும் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் போட்டால் போதும். புதுக்கோட்டையில் குழந்தைகள் நலத் துறையில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள, தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு சீனியரின் போன் நம்பரைத் தேடி அலைய வேண்டிய நிலை காவல் வீட்டுப் பெண்ணுக்கு இருக்கக் கூடாது. அடுத்த ஆண்டு மே மாதம் நீட் முடிந்த மறுநாளே இந்த வேலையைத் தொடங்கினால் ஜூலைக்குள் முடித்துவிடலாம்.